புதுவயல் கிரகத்தில் நான் செத்துப்போனது

1

காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு எங்கள் கிரகம் காணாமல் போயிருந்தது.

நேரம் இவ்வளவு சரியாக நினைவிருப்பதற்குக் காரணம் இயக்குநர் ஒகாதா. வேனிலிருந்து இறங்கியதும் கைக்கடிகாரத்தைப் பார்த்து "ஆறு பத்து" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார். பார்த்தவர் வேறு எதுவும் சொல்லவில்லை. ஜப்பானியர் ஒருவர் எதுவுமே சொல்லாமல் நின்றால் நிலைமை கைமீறிவிட்டது என்று அர்த்தம். ஜப்பானில் வாழ்ந்த இருபத்திரண்டு வருடத்தில் இதை மட்டும் நான் நன்றாகக் கற்றிருக்கிறேன்.

காரைக்குடிக்குப் பக்கத்தில் புதுவயலில் என் தம்பி முத்துக்குமார் ஒரு அரிசி ஆலைக்கு மேனேஜர். ஆலைக்குப் பின்புறம் கொதிகலனில் எரித்த உமியின் சாம்பல் இரண்டு மாடி உயரத்துக்கு மலையாகக் கிடக்கும். கறுப்பாக, மெத்தென்று, தை மாசிப் பனியில் லேசாகப் புகைகிற மாதிரி. அந்த மலைதான் ஒகாதா எடுக்கும் படத்தில் எதிரியின் கிரகம். அதற்காகத்தான் ஐந்து ஜப்பானியரும் என் மகள் கயலும் நானும் இரண்டு விமானம் மாறி, மதுரையிலிருந்து வேன் பிடித்து வந்திருந்தோம்.

மலை இருந்த இடத்தில் சாணி தெளித்து, காவி ஓரம் கட்டிய பெரிய கோலம். நடுவில் "நல்வரவு". இரண்டு பக்கமும் வாழைமரம். மேலே ஒரு பிளெக்ஸ். அதில் கயலின் பள்ளிக்கூடப் படம். கீழே எழுத்து: "வேற்றுக்கிரகம் வெல்ல வந்த எங்கள் குலக்கொழுந்தே, வருக!"

தம்பி தலையைப் படிய வாரி, சட்டைக்கு இஸ்திரி போட்டு, சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்தான்.

"என்னக்கா அப்பிடிப் பாக்குற? ஜப்பான்காரவுக சுத்தம்னா உசுர விட்ருவாகன்னு நீதானே சொல்லுவ? அந்தச் சாம்பக் குப்பைய வச்சுக்கிட்டா அவுகள வரவேற்க முடியும்? ஏழு டிராக்டர் லோடு. பள்ளத்துல தட்டி, மேல செம்மண்ணும் போட்டாச்சு."

களத்தில் நெல் காயவைக்கும் பாண்டியம்மாள் விளக்குமாற்றோடு முன்னால் வந்தாள். "எட்டுப் பேரு நேத்து மத்தியானத்துலருந்து கூட்டுனோம் தாயி. சாணியே ரெண்டு கூடை. பளிச்சுன்னு இருக்கா?"

கயல் கோலத்தைப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள். "மாமா, நீங்க கிரகத்தக் கூட்டிட்டீக" என்றாள்.

தவறு என்னுடையது. "ஆலைக்குப் பின்னாடி படம் எடுக்க வர்றாக" என்று மட்டும்தான் தம்பியிடம் சொல்லியிருந்தேன். படம் எடுக்க வருகிறார்கள் என்றால் எங்கள் ஊரில் முதலில் விளக்குமாற்றைத்தான் தேடுவார்கள். அது எனக்கு எப்படி மறந்தது?

2

எல்லோரும் கோலத்தைப் பார்த்து நிற்க, நான் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பைக்குள் ஒரு தாள் இருந்தது.

கயலுக்கு இருபது வயது. ஜப்பானில், கவாசாகியில் பிறந்தவள். மருந்தியல் படிக்கிறாள் என்று ஊரில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தேன். போன வருடம் ஒருநாள் மாலை, ஒகாதாவின் படத்தில் நடிக்க ஒரு வருடம் கல்லூரிக்கு விடுப்பு எடுக்கப்போவதாகச் சொன்னாள். விடுப்பு விண்ணப்பத்தில் பெற்றவர் முத்திரை வேண்டுமாம். ஜப்பானில் கையெழுத்தைவிட முத்திரைக்குத்தான் மரியாதை. என் பெயர் பொறித்த, விரல் நீளத்தில் ஒரு முத்திரை என்னிடமும் இருக்கிறது. அதைச் சாய்த்துக் குத்திவிட்டேன் என்று விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்தது.

காரணம் எழுத வேண்டிய கட்டத்தில் "குடும்பச் சூழ்நிலை" என்று எழுதச் சொன்னாள் மகள். பொய் எழுத எனக்குக் கை வரவில்லை. அப்போது இருந்த கோபத்தில் "வேற்றுக்கிரக எதிரியுடன் போர்" என்று எழுதிக் கொடுத்தேன். அலுவலகப் பெண் அதைக் கவனமாக இரண்டு முறை படித்தாள்.

"போர் முடியும் தேதி குறிப்பிடப்படவில்லையே?" என்றாள்.

மார்ச் முப்பத்தொன்று என்று எழுதினேன். நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொண்டாள்.

அன்று இரவு நானும் மகளும் ஓர் உடன்படிக்கை எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டினோம். படத்தின் மூன்றாம் பாகத்தோடு கதை முடிந்தால் அவள் கல்லூரிக்குத் திரும்புவாள். முடியாவிட்டால், கதை முடிகிறவரை படம்தான். திரும்பும் விண்ணப்பம் பிப்ரவரி முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும். அந்த விண்ணப்பம்தான் பைக்குள் இருந்த தாள். என் முத்திரையை நேராகவே குத்தி வைத்திருந்தேன். அவள் முத்திரை மட்டும் பாக்கி.

ஆகவே, இந்தப் படத்தை ஒரு வருடமாகத் திட்டிக்கொண்டிருந்த நான், இது முடிய வேண்டும் என்று இயக்குநரைவிட அதிகமாக ஏங்கிக்கொண்டிருந்தேன்.

3

படம் எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். சொந்தக்காரர்கள் கேட்கும்போதெல்லாம் "அறிவியல் சம்பந்தப்பட்டது" என்று சமாளித்திருக்கிறேன்.

உலகம் எரிந்து முடிந்த பிறகு ஒரு பெண் மட்டும் மிஞ்சுகிறாள். அது கயல். வானத்திலிருந்து கொம்பு வைத்த எதிரி ஒன்று வருகிறது. முதல் பாகத்தை மூடிப்போன ஒரு பொதுக் குளியலறையில் எடுத்தார்கள். அதில் கயலுக்கு ஒரு கை போய் இரும்புக் கை முளைக்கும். வெள்ளி வண்ணம் அடித்த அந்த இரும்புக் கை என் வீட்டு வாக்குவம் கிளீனரின் குழாய். அது போனதிலிருந்து நான் விளக்குமாற்றால்தான் பெருக்குகிறேன். இரண்டாம் பாகம் ஒரு கடையின் வண்டி நிறுத்துமிடத்தில், கடை திறப்பதற்கு முன்னால் எடுத்தது. முதல் பாகத்தை நாற்பது பேர் உட்காரும் ஓர் அரங்கில் திரையிட்டார்கள். சண்டை வந்த இடமெல்லாம் நான் கண்ணை மூடிக்கொண்டதால், எனக்குப் படத்தில் தெரிந்ததெல்லாம் குளியலறை ஓடுகள்தான்.

எதிரியாக நடிப்பவர் மோரி. பகலில் முதியோர் இல்லம் ஒன்றில் சமைக்கிறார். மற்ற நேரத்தில் ரப்பர் உடைக்குள் புகுந்து சாகிறார். முப்பது வருடமாகச் சாவதே அவருக்கு இரண்டாவது தொழில். எத்தனையோ படங்களில் வெட்டுப்பட்டு, கருகி, உருகியிருக்கிறார். ஒன்றிலும் அவர் முகம் தெரிந்ததில்லை.

மூன்றாம் பாகத்துக்கு ஒரு கிரகம் வேண்டியிருந்தது. ஜப்பானில் எரிமலைப் பக்கம் படம் எடுக்க அனுமதி கேட்டால், எத்தனை கற்களைத் தொடுவீர்கள் என்பது வரைக்கும் எழுதித் தர வேண்டும். அந்தச் சமயத்தில்தான் தம்பி தன் ஆலையை வாட்ஸப்பில் வீடியோ எடுத்து அனுப்பினான். புது லாரியைக் காட்டத்தான் அனுப்பினான். அதன் பின்னால் தெரிந்த மலையைக் கயல் ஒகாதாவிடம் காட்டிவிட்டாள்.

இதை இப்போது கவாசாகி வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரு மழலையர் பள்ளியின் சமையலறையில் எனக்கு வேலை. இன்று சூப் ஊற்றும்போது ஒரு குழந்தை என் காதைப் பார்த்து, "அத்தை, உள்ளே கறுப்பாக இருக்கிறது" என்றது. ஊரிலிருந்து வந்து ஒன்பது நாள் ஆகிறது. சாம்பல் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. தொலைபேசி அடித்தால் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடுகிறேன். ஏன் என்று கடைசியில் புரியும்.

4

சாம்பல் போய்விட்டது என்று அழுதால் சாம்பல் வராது. தம்பியைத் தனியாக அழைத்துப்போய் விஷயத்தைச் சொன்னேன்.

"குப்பைதான் வேணுமா?" என்றான்.

"ஆமாடா."

"அதுக்கா பிளைட்டுப் புடிச்சு வந்தாக?"

"ஆமாடா."

பிறகு போனை எடுத்தான். புதுவயலில் ஆலைகளுக்குக் குறைவில்லை. எல்லா ஆலைக்காரருக்கும் சாம்பலை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்பதே தலைவலி. அதை ஒருவன் வலியக் கேட்கிறான் என்றால் விடுவார்களா? "ஆறுன சாம்பலா அனுப்புங்கண்ணே, நெருப்பு இருக்கக் கூடாது" என்று ஒவ்வொருவரிடமும் மூன்று தடவை சொன்னான். ஒன்பது மணிக்கு முதல் டிராக்டர் வந்தது. பதினொன்றரைக்கு வாசலில் டிராக்டர் வரிசை.

பாண்டியம்மாள் மட்டும் தாங்க முடியாமல் கோலத்தின் பக்கத்திலேயே நின்றாள். "கூட்டச் சொன்னீக, கூட்டுனோம். கொட்டச் சொல்றீக, கொட்டுறோம். நடுவுல ஒரு வாய் காப்பித்தண்ணி குடுத்தா கொறஞ்சா போவீக?"

கயல் ஓடிப்போய் காப்பி வாங்கி வந்து இரண்டு கையாலும் கொடுத்தாள். "குடிங்க. கோலம் ரொம்ப அழகா இருக்குது. அது மேல கொட்டுறதுக்கு மன்னிச்சிருங்க."

"யாத்தே, அப்பிடியே நம்ம பேச்சு பேசுது!" என்று பாண்டியம்மாள் கோபத்தை மறந்தாள்.

ஒகாதா ஒவ்வொரு டிராக்டர் ஓட்டுநருக்கும் இடுப்பை வளைத்து வணக்கம் வைத்தார். முதலில் வந்தவர் பயந்து பின்வாங்கினார். ஐந்தாவது டிராக்டரிலிருந்து எல்லா ஓட்டுநரும் இறங்கியதுமே குனிய ஆரம்பித்தார்கள். மத்தியானத்துக்குள் எங்களிடம் ஒன்றுக்கு மூன்று மலை இருந்தது. கோலத்தின் ஒரு மூலையை மட்டும் மூட வேண்டாம் என்று ஒகாதா கேட்டுக்கொண்டார். அது எதிரியின் விண்கலம் இறங்கிய தடமாம்.

5

கிரகம் வந்துவிட்டது. எதிரி வரவில்லை.

மோரி வேறு விமானத்தில் தனியாக வந்தார். விடிந்ததும் மதுரையில் இறங்கிவிட்டதாகச் செய்தி அனுப்பினார். ஒன்பது மணிக்குப் பேருந்துப் படம் அனுப்பினார். பதினொரு மணிக்கு ஒரு கோபுரத்தின் படம் வந்தது.

தம்பி உற்றுப் பார்த்தான். "இது திருக்கோஷ்டியூர்ல! திருப்பத்தூர்ல எறங்கி, கோயிலுக்குப் போற கூட்டத்தோட மாறி ஏறிட்டாரு மனுசன். பெருமாளப் பாக்காம இனி விட மாட்டாக."

அதற்குப் பிறகு அவர் போன் அணைந்துவிட்டது. கயலின் தனிக் காட்சிகளை எல்லாம் எடுத்து முடித்தார்கள். மூன்றரை மணி ஆனது. ஆறு இருபதுக்கு வெளிச்சம் போய்விடும், நாளைக் காலையில் திரும்பும் விமானம், இன்று எதிரி சாகாவிட்டால் கதை முடியாது என்று ஒகாதா தரையைப் பார்த்துச் சொன்னார்.

எதிரியின் உடை திறந்த பெட்டியில் கிடந்தது. கறுப்பு ரப்பர், உள்ளே பஞ்சு, இரண்டு கொம்பு. மோரி குள்ளம். ஜப்பானியர் ஐவரும் நெட்டை. அவர்களுக்குக் கேமராவும் ஒலியும் வேறு இருந்தன. தம்பிக்கு ஒரு கால் மட்டும்தான் நுழைந்தது. பாண்டியம்மாளைக் கேட்டோம்.

"சாகுற வேசமா? வேணாந்தாயி. பேத்திக்கு வைகாசியில சடங்கு வச்சிருக்கேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உயரம், அகலம் எல்லாம் எனக்கென்றே தைத்த மாதிரி இருந்தது. சேலையை மாற்றிக்கொண்டு வந்து காலை விட்டேன்.

தம்பி பதறிவிட்டான். "அக்கா, தாலி கட்டுன பொம்பள நீ. சாகுற மாதிரி நடிக்கிறது அபசகுனம்."

"கயலு படிக்கணும்டா."

அவன் யோசித்தான். "அப்பச் சரி. ஆனா ஒண்ணு. செத்து முடிச்சதும் எந்திரிச்சு, கேமராவப் பாத்துச் சிரிச்சிரணும். நம்ம சினிமாவுல பெரிய நடிகருங்கல்லாம் அப்பிடித்தான் செய்வாக. சாவோட விட்டா தோசம் ஒட்டிக்கிரும். சத்தியம் பண்ணு."

கொம்பு வைத்த தலையை மாட்டிக்கொள்வதற்கு முன்னால் சத்தியம் பண்ணினேன். கவாசாகியில் இருந்த கணவருக்கும் போன் போட்டுச் சொன்னேன். "சாகப்போறியா? சரி, தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றார்.

6

காட்சி எளிது. கயல் மலை உச்சியிலிருந்து கத்தியோடு ஓடி வருவாள். நான் கையை விரித்து நிற்பேன். அவள் வெட்டுவாள். நான் சாவேன்.

முதல் தடவை ஓடி வரும்போது சாம்பலில் அவள் கால் சறுக்கியது. எதிரி இரண்டு எட்டு முன்னால் போய் அவள் முழங்கையைத் தாங்கிப் பிடித்தது. இரண்டாம் தடவையும் பிடித்தேன். பிடித்ததோடு, அவள் முகத்தில் இருந்த சாம்பலையும் துடைத்துவிட்டேன். மூன்றாம் தடவை கையை இடுப்பிலேயே கட்டிக்கொண்டேன். ஆனால் முகமூடிக்குள்ளிருந்து "பாத்து, பாத்து வா" என்ற சத்தம் வெளியே கேட்டுவிட்டது.

ஒகாதா கோபப்படவில்லை. தாடையைத் தடவினார். "எதிரிக்கு அவள்மேல் அக்கறை இருக்கிறது. இதை நான் யோசிக்கவே இல்லை. அப்படியானால் கதையை இங்கே முடிக்க முடியாது. நான்காம் பாகத்தில்..."

"இன்னொரு தடவை! இந்த முறை ஒழுங்காகச் சாகிறேன்!" என்று கத்தினேன்.

கயல் பக்கத்தில் வந்து, முகமூடியின் கண் ஓட்டைக்கு நேராகக் குனிந்தாள்.

"அம்மா, நீங்க ஏன் என்னையப் பிடிக்கிறீக?"

"விழுந்துருவியேன்னுதான்."

"விழ மாட்டேன். விழுந்தாலும் சாம்பல்தானே, வலிக்காது. நீங்க கையக் கீழ போட்டுட்டு நிம்மதியா சாவுங்க. நான் காலேஜுக்குப் போறேன். சொன்னேன்ல?"

நான்காவது தடவை. சூரியன் ஆலைக் கூரைக்குப் பக்கத்தில் இறங்கிவிட்டது. அவள் உச்சியில் வந்து நின்றாள். அரங்கில் முதல் பாகம் ஓடியபோது நான் கண்ணை மூடிக்கொண்டே இருந்தேன். இப்போது மூட வழியில்லை, அவள் எந்தப் பக்கம் வருகிறாள் என்று தெரிந்தாக வேண்டும். இரண்டு சின்ன ஓட்டை வழியாகப் பார்த்தேன். என் வாக்குவம் குழாயைக் கையில் மாட்டிக்கொண்டு அவள் ஓடி வந்த விதத்தில், அது குழாய் என்பது எனக்கே மறந்துபோனது. அவள் முகத்தில் இருந்தது கோபம் இல்லை. எல்லோரையும் இழந்த பிறகும் செய்ய வேண்டிய வேலை ஒன்று மிச்சம் இருக்கிறவளின் களைப்பு. அதை அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. கால் சறுக்கியது. நான் பிடிக்கவில்லை. அவளே சமாளித்து, அந்தச் சறுக்கலையே பாய்ச்சலாக்கி வந்து வெட்டினாள்.

என் மகள் நன்றாக நடிக்கிறாள். இதை அவளிடம் நான் சொல்லவில்லை, கல்லூரி திறக்கும் வரைக்கும் சொல்லவும் மாட்டேன். கயலுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. எத்தனையோ சனிக்கிழமை உட்காரவைத்துப் பார்த்தும் "அ"வைத் தாண்டவில்லை. அதற்காக வருந்தாத நாள் இல்லை. இன்று அதுவே வசதியாகப் போயிற்று. இங்கே எழுதி வைக்கிறேன்.

செத்தேன். உருண்டேன். கோலத்தின் மூலை வரைக்கும் உருண்டு அசையாமல் கிடந்தேன். "அய்யோ, தாயி!" என்று பாண்டியம்மாள் அலறியது காதில் விழுந்தது. அந்த அலறலில் எனக்குப் பெருமைதான். மனதுக்குள் இருபது வரை எண்ணினேன். ஒரு சத்தமும் இல்லை. சரி, முடிந்துவிட்டது என்று எழுந்தேன். சாம்பலைத் தட்டினேன். சத்தியத்தை நினைத்துக் கேமராவை நேராகப் பார்த்து, தோஷம் தூர ஓடும்படி, உடம்பு குலுங்கச் சிரித்தேன்.

"கட்" என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. சூரியன் முழுதாக இறங்கும் வரைக்கும் பிணத்தின் மேலேயே கேமரா நிற்க வேண்டும் என்பது ஒகாதாவின் திட்டமாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. படத்தில் இப்போது இருப்பது இதுதான்: வெற்றி பெற்ற கயல் திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்து வருகிறாள். அவளுக்குப் பின்னால், சிவந்த வெளிச்சத்தில், செத்த எதிரி எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு கொம்பை ஆட்டி ஆட்டிச் சிரிக்கிறது.

"கட்" என்றார் ஒகாதா, மிக மெதுவாக. ஏன் சிரித்தீர்கள் என்று கேட்டார். நான் சொன்னேன். தம்பியும் கையால் காலால் செய்து காட்டினான். ஒகாதா சின்ன நோட்டுப் புத்தகத்தை எடுத்து இரண்டு பக்கம் எழுதினார்.

"அந்தச் சிரிப்பை வெட்டிவிடலாம்தானே?" என்றேன்.

"வெட்டலாம்" என்றார், எழுதுவதை நிறுத்தாமல். அவர் இப்போது டோக்கியோவில் உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருக்கிறார். வெட்டாவிட்டால் நான்காம் பாகம்தான். இன்னும் போன் வரவில்லை.

7

எனக்குப் பொறுமை இல்லை. உடையைக் கழற்றுவதற்கு முன்னாலேயே பையைக் கொண்டுவரச் சொல்லி, ஓர் அரிசி மூட்டையின் மேல் விண்ணப்பத்தை விரித்தேன். கயல் தன் முத்திரையைச் சிவப்பு மையில் ஒற்றி, மூச்சைப் பிடித்துக் குத்தினாள். நூல் பிடித்த மாதிரி நேராக விழுந்தது.

"போதுமா?" என்றாள்.

மை காய்வதற்கு ஊதினேன். ஊதியதில் முகமூடியிலிருந்த சாம்பல் தாளில் கொட்டியது. அவள் அதைக் கண்டுகொள்ளாமல், கொம்பைப் பிடித்து என் தலையைத் திருப்பி, தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். தம்பி போட்டோ எடுத்தான். அதற்கும் முன்னால் அந்த இடத்தைப் பாண்டியம்மாள் ஒரு தடவை கூட்டிவிட்டாள்.

அப்போது வாசலில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. ஏழெட்டுப் பேருக்கு நடுவிலிருந்து குள்ளமாக ஒருவர் இறங்கினார். நெற்றி நிறைய நாமம். கழுத்தில் துளசி மாலை. கையில் தொன்னையில் பாதி தின்ற புளியோதரை. மோரி.

எங்களைப் பார்த்ததும் ஓடி வந்து, நாமம் முழங்காலைத் தொடும் அளவுக்குக் குனிந்தார்.

"தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். நான் எங்கே சாக வேண்டும்?"

எல்லாம் முடிந்துவிட்டது என்று கயல் சொன்னாள். அவர் முகம் வாடிவிட்டது. ஒகாதா கேமராவின் சின்னத் திரையை அவர் பக்கம் திருப்பி ஓடவிட்டார். மோரி நான் செத்ததைத் தொழில்காரரின் கண்ணோடு பார்த்தார், ஒரு தடவை தலையாட்டினார். திரையில் எதிரி எழுந்தது. தூசியைத் தட்டியது. சிரிக்க ஆரம்பித்தது. மோரி கண்ணை எடுக்காமல் அதைக் கடைசி வரைக்கும் பார்த்தார். பிறகு தொன்னையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, என் ரப்பர்க் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப நன்றி அம்மா. நல்லவேளை, நான் இன்னும் சாகவில்லை."